வார்டிலிருந்து திரும்பி வந்த மாத்திரைகள்

வார்டிலிருந்து திரும்பி வரும் மாத்திரை நன்றாகவே இருந்தாலும் அதை ஏன் அழிக்கிறோம் என்று இந்த வருடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் கேட்டாளாம். மருந்தாளுநர் பட்டம் வாங்கி, அதற்கு மேலும் படித்துவிட்டு, ஆஸ்பத்திரி வேலையை ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்து கற்றுக்கொள்ள வந்தவள். கேள்வி நியாயமானதுதான். இப்போது அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பர்வீன் என்னை போனில் கூப்பிட்டாள்.

"தனம்மா, நான் சொன்னா பாடம் மாதிரி போய்டும். நீங்களே எழுதிக் குடுங்க."

நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். இதை எழுதப் பதினொரு நாள் ஆயிற்று. எழுத்துப் பிழையை என் மகள் திருத்தினாள். சேதியைத் திருத்த நான் விடவில்லை.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் மருந்தறையில் பாட்டில் கழுவச் சேர்ந்தேன். தண்ணீர் மருந்து வாங்க அப்போது நோயாளிகளே பாட்டில் கொண்டுவருவார்கள். எண்ணெய் பாட்டில், தேன் பாட்டில், பிராந்தி பாட்டில் எல்லாம் வரும். கொதிக்கிற தண்ணீரில் அலசி வெயிலில் கவிழ்ப்பது என் வேலை.

சேர்ந்த வாரமே ஒன்றைப் பார்த்துத் திகைத்தேன். தலைமை மருந்தாளுநர் கோவிந்தராஜன் சார் பெரிய பீங்கான் ஜாடியில் இருமல் மருந்து கலந்துகொண்டிருந்தார். யாரோ கூப்பிட, திரும்பிப் பேசினார். மறுபடி ஜாடியைப் பார்த்தவர் கையிலிருந்த காலி அளவு கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"தனம், இத்த நான் ஊத்திட்டனா, இனிமேதான் ஊத்தணுமா?"

"நான் பாக்கலியே சார்."

"எனக்கும் தெரியல. கொட்டிடு."

"மொத்தமுமா சார்? வெளியே வரிசை நிக்குது."

"நிக்கட்டும். தெரியாதத குடுக்கறதுக்கு அவங்க நிக்கிறதே மேல்."

கொட்டினேன். எங்கள் வீட்டில் சோறு பொங்கி வழிந்தாலே மாமியார் ஒரு வாரம் பேசுவாள். இங்கே ஒரு ஜாடி மருந்தைச் சாக்கடையில் விட்டுவிட்டு, அந்த மனிதர் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து கலக்க ஆரம்பித்தார்.

சார் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தால் எதிரே நிற்பவர் தான் செய்த தப்பைத் தேட ஆரம்பிப்பார். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். அதற்காக ஒரு நாளும் என்னைத் தாழ்த்திப் பேசியதில்லை. இரண்டாம் வருடமே பாட்டிலிலிருந்து மாத்திரைக்கு என்னை மாற்றினார்.

அந்த வேலை இதுதான். வார்டில் ஒருவருக்கு மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்திருப்பார்கள். அவர் இரண்டாம் நாளே வீட்டுக்குப் போய்விடுவார், இல்லை போய்ச் சேர்ந்துவிடுவார். மிச்ச மாத்திரையை எல்லாம் நர்சுகள் ஒரே தட்டில் கொட்டி வைப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் நான் போய் எடுத்துவந்து, இனம் பிரித்து, அந்தந்த டின்னில் திரும்பப் போட வேண்டும். "ஏழைங்க மருந்து தனம். ஒண்ணுகூட வீணாவக் கூடாது" என்று சார் சொல்லிக் கொடுத்தார். கேழ்வரகில் கல் பொறுக்கிய கைக்கு இது பெரிய வித்தையா? நிறம், பருமன், ஓரம், நடுக்கோடு என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் பார்க்கவே தேவையில்லாமல் போயிற்று. கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும். இன்னது என்று விரலே சொல்லும்.

பிறகு டிரஸ்ட்காரர்கள் விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரி கட்டினார்கள். சார் அங்கே போனபோது என்னையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய்வந்தேன். சில வருடங்கள் கழித்து மேற்படிப்புப் பிள்ளைகள் பயிற்சிக்கு வர ஆரம்பித்தார்கள்.

அதுவும் எனக்கு அதிர்ச்சிதான். அத்தனை வருடம் படித்த பிள்ளைகள் கட்டில் கட்டிலாய்ப் போய், "வீட்ல இன்னா மாத்திரை சாப்டீங்க? நாட்டு மருந்து எதுனா உண்டா? காலைல வெளிக்குப் போனீங்களா?" என்று கேட்டு எழுதினார்கள். எட்டு மணிக்கு டாக்டரோடு வார்டைச் சுற்றவேண்டும். பத்தரைக்கு மருந்தறைக்கு வந்து சார் முன்னால் நிற்கவேண்டும். சார் ஒரு மாத்திரையை அவர்கள் உள்ளங்கையில் வைத்து நாலே கேள்வி கேட்பார்.

"இது இன்னா? எதுக்கு? ஏன் இவருக்கு? எப்ப நிறுத்துவே?"

மூன்று கேள்விக்கு மடமடவென்று பதில் வரும். நாலாவதில் எல்லாரும் மாட்டுவார்கள். சார் கண்ணாடியைக் கழற்றுவார்.

ஒவ்வொரு வருடமும் பயிற்சி தொடங்கும் நாளில் என் பங்கும் ஒன்று உண்டு. சார் என்னை நடுவில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு மாத்திரையாகக் கையில் கொடுப்பார். நான் தேய்த்துப் பார்த்துச் சொல்லுவேன். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நீர் பிரிய வைக்கிற மாத்திரை. ஒன்று தப்பாது. பிள்ளைகள் கை தட்டும். "தனம் படிக்கல. நீங்க படிச்சிருக்கீங்க. வெக்கமா இல்ல?" என்பார் சார். எனக்கு அன்றைக்கு முழுதும் கால் தரையில் பாவாது.

பர்வீன் வந்த வருடமும் அப்படித்தான் நடந்தது. கோட்டக்குப்பத்துப் பெண், ஒல்லியாக இருப்பாள், அப்பா வளைகுடாவில் வேலை. எல்லாரும் கை தட்டியபோது அவள் தட்டவில்லை.

"தனம்மா, இது எந்த டின்லருந்து போச்சு, வார்டுல யார் கையெல்லாம் பட்டுச்சு, எப்டித் தெரியும்?"

"உனக்குப் பால் பல்லு வுழாத காலத்துலருந்து பண்ணிக்கினு வர்றேன். எனக்குத் தெரியாம எந்த மாத்திரடி டின்னுக்குள்ள போவும்?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கேள்வியை விடவில்லை என்று முகத்தில் தெரிந்தது. திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வருடம் என் வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. விரல் இருக்கும்போது கண் எதற்கு என்றுதான் இருந்தேன்.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கன்னியப்பன் என்ற பெரியவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கடலுக்குப் போய்வந்த கட்டை. இதயம் பலவீனமாகி, கால் இரண்டும் பானை மாதிரி வீங்கி, மூச்சு வாங்கினார். காது மந்தம். அவரைப் பார்த்துக்கொண்டவள் மருமகள் அஞ்சலை. அவள் புருஷன் கேரளாப் பக்கம் மீன்பிடி வேலைக்குப் போயிருந்தான். கிழவருக்குக் கை நடுங்கும் என்று அவள்தான் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவாள். டாக்டர் நீர் பிரிய வைக்கிற மாத்திரை எழுதினார். இரண்டு நாளில் கால் வடிந்தது.

மூன்றாம் நாள் காலையில் கிழவருக்குக் குப்பென்று வியர்த்து வாய் குழறியது. விரலில் குத்திப் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டம். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து, "படக யார் கட்னது?" என்று கேட்டார். அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. சர்க்கரை மாத்திரை யாரும் எழுதவும் இல்லை. மறுநாளும் அதேபோல் ஆயிற்று.

எங்கள் பக்கத்தில் சர்க்கரையை இறக்கச் சிறுகுறிஞ்சான் பொடி தின்பது எல்லாருக்கும் தெரியும். டாக்டர் அஞ்சலையைக் கேட்டார். இல்லை என்றாள். நர்ஸ் அவள் பையைப் பார்த்தாள். ஒரு பொட்டலம் பொடி இருந்தது. "சுக்கும் மொளகும் இடிச்சது, எனக்கு இருமல்" என்றாள். யார் நம்புவது?

அந்த நேரம் பார்த்து நான் தட்டு எடுக்க வார்டுக்குப் போனேன். பார்வையாளர் நேரம், வார்டு நிறைய ஜனம். நர்ஸ் என் காதில் விஷயத்தைப் போட்டாள். என் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு நான் வந்திருக்கலாம்.

"இன்னாம்மா குடுத்தே கெழவனுக்கு?" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"ஒண்ணும் குடுக்கல ஆயாம்மா."

"நான் ஆயா இல்ல, மருந்து ரூம்பு. எனக்கே கத வுடறியா? சிறுகுறிஞ்சான வாயில போட்டா சக்கர எறங்காம ஏறுமா? கெழவன் போய்ட்டா படகு உம் புருசன் பேருக்கு வந்துடும்னு பாக்கிறியா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. எதிர்க் கட்டிலில் ஒருத்தி "அடிப்பாவி" என்றாள். கிழவர் காது மந்தம்தான். ஆனால் நான் போட்ட சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது. அஞ்சலை கஞ்சிக் கரண்டியை நீட்டினாள். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

நியாயத்தைக் கேட்டுவிட்டோம் என்ற நிமிர்வோடு நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அவர் அவள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவில்லை. குப்பத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் போலீசுக்குப் போகலாம் என்று பேசினார்கள். அவளைக் கட்டிலை விட்டுத் தள்ளி, தாழ்வாரத்தில் உட்காரவைத்தார்கள். வெறும் வயிறு. மாத்திரை மட்டும் நர்ஸ் கையால் தவறாமல் உள்ளே போயிற்று. பதினோரு மணிக்குக் கிழவருக்குக் கண் மேலே செருகி, உடம்பு வெட்டி இழுத்தது. டாக்டர் ஓடிவந்து காப்பாற்றினார். காப்பாற்றினார் என்று எளிதாக எழுதிவிட்டேன். அரை மணி நேரம் கிழவர் இந்தப் பக்கம் வருவாரா, அந்தப் பக்கம் போவாரா என்று தெரியவில்லையாம்.

அன்றைக்கு மருமகள் அவர் பக்கமே போகவில்லை. மற்றவர்கள் யாரும் யோசிக்காததைப் பர்வீன் யோசித்தாள். அவர் வாய்க்குள் போனது ஆஸ்பத்திரி கொடுத்தது மட்டும்தான். கட்டிலோரக் கவரில் மிச்சம் இருந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு மருந்தறைக்கு வந்தாள். ஜன்னலோரம் வெள்ளைத் தாளை விரித்து, அதன் மேல் வரிசையாக வைத்தாள். ஒன்பது மாத்திரை.

"தனம்மா, இதெல்லாம் ஒண்ணா?"

தேய்த்துப் பார்த்தேன். "ஒண்ணுதான். நீரு மாத்திர."

"கையால வேணாம். கண்ணால பாருங்க."

எரிச்சலாக இருந்தது. இடது கண்ணால் குனிந்து பார்த்தேன். எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம், எல்லாவற்றுக்கும் நடுவில் கோடு. ஆறு மாத்திரையில் கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியது. மூன்றில் ஓரத்தைத் தொடுமுன் நின்றுவிட்டது. வெயிலில் பார்த்தால் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவள் சர்க்கரை மாத்திரை டின்னைத் திறந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அந்த மூன்றும் அதுவும் அச்சாக ஒன்று.

மூன்றையும் மறுபடி தேய்த்தேன், விரலுக்கு அப்போதும் எல்லாம் ஒன்றாகவே இருந்தன.

நடந்தது பிறகுதான் புரிந்தது. அதுவரை நீர் மாத்திரைக்கு ஓரம் தட்டையாக இருக்கும். சர்க்கரை மாத்திரைக்கு ஓரம் சரிவாக வழித்துவிட்ட மாதிரி இருக்கும். என் விரலுக்கு அந்த வித்தியாசம் போதும். அந்த மாதம் நீர் மாத்திரை வேறு கம்பெனியிலிருந்து வந்திருந்தது. புதியதற்கும் ஓரம் வழித்துவிட்டதுதான். அதைப் பழைய டின்னிலேயே கொட்டியிருந்தார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டின்னுக்குள் விரல் விட்டுப் பார்த்து, இனி இதுதான் போல என்று தட்டில் வந்த சர்க்கரை மாத்திரையையும் அதில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன், பக்கத்துக் கவுண்டரில் மருந்து கொடுப்பவளோடு கதை பேசிக்கொண்டே. ஒரு முறை குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பர்வீன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தாளோடு சாரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

சார் பார்த்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. ஜாடி மருந்தைச் சாக்கடையில் விடச் சொன்ன அதே மெதுவான குரலில், "தனம், அந்த டின்ன கொண்டுபோய்க் கொட்டிட்டு வா. இது இந்த ரூம்ப வுட்டு வெளிய போவ வேணாம்" என்றார்.

இருபது வருடமாக நான் தெய்வமாய் நினைத்திருந்த மனிதர். அவர் இப்படிச் சொல்வார் என்று நினைக்கவே இல்லை. ஆனாலும் பழகிய கை டின்னை எடுத்துவிட்டது. பர்வீன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இதுலருந்து வேற யாருக்குப் போயிருக்குன்னு தெரியாம கொட்டக் கூடாது. அந்தப் பொண்ண வெளிய குந்த வெச்சிருக்காங்க சார். போலீசுன்றாங்க."

"உன் பயிற்சில கையெழுத்துப் போட வேண்டியது நான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

டின்னை நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். "நான்தான் சார் கலந்தேன்" என்றேன். "வுடுங்க சார். எம் பேர எழுதட்டும்."

சார் அப்போதுதான் என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, நடந்த தப்பை மேலிடத்துக்கு எழுத ஒரு தாளை எடுத்து, பர்வீனின் பேனாவை வாங்கினார்.

"கலக்கக் கத்துக் குடுத்தவன் பேரு மொதல்ல வரணும்" என்று தன் பெயரை எழுதினார். அதன் கீழே என் பெயர்.

அன்று முதல் திரும்பி வரும் மாத்திரை டின்னுக்குப் போவதில்லை, அழிக்கத்தான் போகிறது. அந்த டின்னிலிருந்து இன்னும் நாலு பேருக்குக் கொடுத்திருந்தது தெரிந்தது. இரண்டு பேர் வார்டில் இருந்தார்கள். வீட்டுக்குப் போய்விட்ட இரண்டு பேரைத் தேடிப் பர்வீனும் நானும் பஸ் ஏறினோம். பனமலைப் பக்கம் ஒரு அம்மாவுக்குத் தினமும் மயக்கம் வந்து, காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போக வண்டி பேசியிருந்தார்கள். மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னபோது அவர் மகன் என்னை அடிக்க வந்தான். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். நாலு பேரும் பிழைத்தார்கள்.

இத்தனையும் செய்தேன், அஞ்சலையிடம் மட்டும் போகவில்லை. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்து மாறிவிட்டது, அவள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார். போதுமே என்று நினைத்தேன். நாலாம் நாள் பர்வீன்தான் சொன்னாள்: "தனம்மா, பெரியவர் இன்னும் அந்தக்கா கையால சாப்பிட மாட்டேங்கறார். அவருக்கு யாரும் சொல்லல. வார்டுக்கும் தெரியாது."

போனேன். தாழ்வாரத்தில் புடவைத் தலைப்பை விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் கஞ்சி.

"அஞ்சல, தப்பு எங்கையாலதாம்மா நடந்துச்சு. தெரியாம கலந்துட்டேன். மன்னிச்சுடு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாத்திர கலந்தது தெரியாம பண்ணீங்க. சரி. படகுக்காக மாமனார சாவடிக்கப் பாத்தேன்னு சொன்னீங்களே, அது இன்னா தெரிஞ்சு சொன்னீங்க?"

நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"எம் புருசன் போன் பண்ணுச்சு. எப்டி கீறேன்னு கேக்கல. 'குடுத்தியா'ன்னு கேட்டுச்சு. பன்னெண்டு வருசம் குடும்பம் நடத்திக்கினு கீறோம்."

"நான் வேணா அவருகிட்ட பேசறேம்மா."

"அவுருகிட்ட வேணாம். எங்க கத்துனீங்களோ அங்க வந்து கத்துங்க."

பார்வையாளர் நேரம். அன்றைக்குப் போலவே ஜனம். என் ஆயுசில் அவ்வளவு நீளமாக ஒரு வார்டை நான் பார்த்ததில்லை. கிழவர் கட்டிலருகே நின்றேன். அவருக்குக் கேட்க வேண்டும் என்பதால் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பெரியவரே, உங்க மருமவ ஒரு தப்பும் பண்ணல. ஆஸ்பத்திரி மாத்திரயத் தப்பா கலந்தது நான். படகப் பத்தி நான் சொன்னது பொய்யி." எதிர்க் கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

அஞ்சலை கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டில் பக்கம் வந்தாள். "கேட்டுச்சா மாமா?"

"கேட்டுது" என்றார் கிழவர். அவளையே பார்த்துக்கொண்டு, குழந்தை மாதிரி வாயைத் திறந்தார்.

அவள் கிண்ணத்தை அவர் பக்கத்தில் இருந்த ஸ்டூல் மேல் வைத்தாள். கரண்டியின் காம்பை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"உங்க கை இப்ப நடுங்கல மாமா. எடுத்துத் துன்னுங்க" என்று சொல்லிவிட்டு, தலைப்பை உதறிச் சொருகிக்கொண்டு வெளியே போனாள். அவர் வாய் திறந்தபடியே இருந்தது.